சுவரில் புள்ளலூர்: ஒரு கோடை மாளிகையும் காலியாக்கப்பட்ட மண்ணும்

1

செங்கல்பட்டுச் சீமையில் நடந்த ஒரு போர், காவிரிக் கரையில் ஓர் அரசனின் கோடை மாளிகைச் சுவரில் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக நடந்துகொண்டே இருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் 1784இல் கட்டிய தரியா தௌலத் பாக் என்ற தோட்ட மாளிகையின் மேற்குச் சுவரைத்தான் சொல்கிறேன். போர் நடந்த இடம் புள்ளலூர். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் இருந்த ஊர். தேதி 1780 செப்டம்பர் 10.

மாளிகைகளைப் பற்றி நம்மிடையே இரண்டு வகை எழுத்து உண்டு. சுற்றுலாத் துறைக் கையேடு அழகைச் சொல்லும். முற்போக்கு எழுத்து சுரண்டலைச் சொல்லும். முன்னதில் தோட்டக்காரன் இல்லை. பின்னதில் தோட்டக்காரன் உண்டு, ஆனால் முகமில்லாமல், ‘உழைக்கும் மக்கள்’ என்ற பொதுப்பெயரில் நிற்கிறான். இந்தக் கட்டுரை இரண்டுக்கும் வெளியே நின்று ஒரு சின்னக் கேள்வியைக் கேட்கிறது. ஓர் அரசன் ஓய்வெடுக்கும் இடத்தின் சுவரில் நம்ம ஊர் எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சித்திரத்தில் நம்ம ஊர் எங்கே?

2

முதலில் மாளிகை. ‘தரியா’ என்றால் கடல், பேராறு, ‘தௌலத்’ செல்வம், ‘பாக்’ தோட்டம். கோட்டைக்கு வெளியே, தீவின் கிழக்குப் பக்கம், காவிரியை ஒட்டி இருக்கிறது. உயரமான மேடை, அதன்மேல் தேக்குமரத் தூண்கள், நாலாபுறமும் தாழ்வாரம். வெயில் படாமல் இருக்கத் தாழ்வாரம் முழுக்கப் பச்சைத் திரைகள் தொங்குகின்றன. உள்ளே நுழைந்ததும் கண்ணுக்குக் குளிர்ச்சி, தோலுக்கும் குளிர்ச்சி. சுவர், தூண், விதானம் எதிலும் ஒரு சாண் இடம்கூட ஓவியமில்லாமல் விடப்படவில்லை. இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது.

தோட்டத்தைச் சும்மா ‘அழகு’ என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. பாரசீகத்திலிருந்து முகலாயர் வழியாக வந்த நாற்பகுதித் தோட்ட மரபு ஒரு அரசியல் பிரதி. நிலத்தை நேர்கோட்டு வாய்க்கால்களால் பகுத்து, நடுவில் அரசனை உட்காரவைத்து, சொர்க்கத்தின் வரைபடத்தைப் பூமியில் போட்டுக் காட்டுவது அது. பெங்களூரில் ஹைதர் அலி 1781இல் தொடங்கித் திப்பு 1791இல் முடித்த இன்னொரு கோடை மாளிகைக்கு, சொர்க்கமே பொறாமைப்படும் இடம் என்று பொருள்படும் பாரசீகப் பெயரையே பொறித்து வைத்தார்கள்.

இந்தச் சொர்க்கத்தின் மையத்தில் இருப்பது நீர். நீரூற்றில் மாயம் ஒன்றுமில்லை. நீரை எங்கோ உயரத்தில் தேக்கிவைத்தால், அந்த உயரத்தின் எடை அதைத் தாழ்வான இடத்தில் மேலே பீய்ச்சுகிறது. ஆற்றின் சரிவு அந்த உயரத்தைத் தராவிட்டால் மாடும் மனிதரும் இறைத்துத்தான் தொட்டி நிரம்ப வேண்டும். பார்க்கிறவருக்கு நீர் தானாக எழுவதுபோலத் தெரிய வேண்டும், இறைத்தவர் தெரியக் கூடாது. அதிகாரம் தன்னை இயற்கையாகக் காட்டிக்கொள்ளும் முறைக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

நமக்குத் தெரிந்த நீர் வேறு. நம்முடையது ஏரிச் சீமை. பொத்தேரி, கூடுவாஞ்சேரி, மதுராந்தகம், உத்திரமேரூர் என்று எங்கே போனாலும் ஓர் ஏரி, ஒரு மதகு, கீழே கழனி. ஏரி நீர் மேலே பீய்ச்சாது. சரிவில் இறங்கிக் கழனிக்குப் போகும். அதுவும் எல்லோருக்கும் சமமாகப் போனதில்லை என்பதை மறக்க வேண்டாம். மதகைத் திறப்பவன் சேரியில் இருந்தான். நிலம் ஊரில் இருந்தது. ஏரியை லட்சியமாக்கித் தோட்டத்தைப் பழிப்பது என் வேலை இல்லை. இரண்டு வகை நீருக்கும் இரண்டு வகை அதிகாரம் உண்டு. புள்ளலூர்ச் சித்திரத்தில் அவை இரண்டும் சந்திக்கின்றன.

3

சித்திரத்தைப் பார்ப்போம். மேற்குச் சுவரின் ஒரு பாதியில் ஹைதரும் திப்புவும் யானை, குதிரைப் படைகளோடு பவனி போகிறார்கள். மறுபாதியில் போர். சிவப்புச் சட்டைக் கும்பினிப் படை சதுரமாக அணிவகுத்து நிற்கிறது. நடுவில் வெடிமருந்து வண்டி வெடிக்கிறது. காயம்பட்ட கர்னல் பெய்லி பல்லக்கில் இருக்கிறார். பிரெஞ்சுத் தளபதி லாலி உண்டு. மைசூர்க் குதிரைகள் நாலாபுறமும் வளைத்துக்கொண்டு வருகின்றன. துண்டான தலைகள், சாய்ந்த உடல்கள். வரைந்தவர்களுக்குப் பயமோ பரிதாபமோ இல்லை. ஒரு திருவிழாச் சுறுசுறுப்பு இருக்கிறது.

நடந்தது இதுதான். 1780 ஜூலையில் ஹைதர் பெரும்படையோடு ஆற்காட்டு நவாபின் நாட்டுக்குள் இறங்கினார். குண்டூரிலிருந்து வந்த பெய்லியின் படை, காஞ்சிபுரத்தில் இருந்த ஹெக்டர் மன்றோவின் படையோடு சேர வேண்டும். வெள்ளம் போன கொற்றலை ஆறு பெய்லியைப் பல நாள் நிறுத்திவைத்தது. பிறகு ஆற்றைக் கடந்து, பெரம்பாக்கத்தில் ஒரு மோதலைத் தாங்கி, உதவிப் படையையும் சேர்த்துக்கொண்டு சுமார் 3,800 பேராகப் புள்ளலூர் வந்தபோது சுற்றிவளைக்கப்பட்டார். சில மைல் தூரத்தில் இருந்த மன்றோ வந்து சேரவில்லை. தோல்வி தெரிந்ததும் கனமான பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குத் திரும்பி ஓடினார். நம் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு அப்படியும் ஒரு முன்கதை உண்டு. சிறைபட்ட பெய்லி 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்தார். இந்தியாவில் கும்பினி அதுவரை கண்ட மிக மோசமான தோல்வி அது.

அடுத்த ஆண்டு, 1781 ஆகஸ்ட் 27 அன்று, அயர் கூட் அதே புள்ளலூரில் ஹைதரோடு மோதினார். அந்தப் போரில் இறந்த இரண்டு ஆங்கில அதிகாரிகளின் நினைவுத் தூண்கள் இன்றும் ஊரில் நிற்கின்றன. இன்னும் ஓராயிரம் ஆண்டுக்கு முன்னால் போனால், முதலாம் மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை வென்றதைக் காசக்குடிச் செப்பேடு சொல்கிறது. பகைவர் யார் என்று செப்பேடு பெயர் சொல்வதில்லை. இரண்டாம் புலிகேசி என்று வரலாற்றாசிரியர்கள் கொள்கிறார்கள். ஆக, செப்பேடு, சுவரோவியம், நினைவுத் தூண் என மூன்று அரசுகள் மூன்று ஊடகங்களில் இந்த ஒரே ஊரை எழுதியிருக்கின்றன. மூன்றிலும் ஊரார் ஒருவர்கூட இல்லை.

சுவரில் நான் தேடியது ஓர் ஏரிக்கரை, ஒரு கூரை, அறுப்புக்கு நின்ற ஒரு கழனி. கிடைக்கவில்லை. குதிரைக் குளம்புகளுக்குக் கீழே நிலம் வெறும் நிறமாக இருக்கிறது. பெய்லியின் படையில் பெரும்பான்மை நம் பக்கத்து, ஆந்திரப் பக்கத்துச் சிப்பாய்கள். சித்திரத்தில் அவர்கள் சீருடையாக இருக்கிறார்கள், ஆளாக இல்லை. அங்கிருந்த வழிகாட்டி நல்ல தமிழில் விளக்கிக்கொண்டிருந்தார்.

“எந்த ஊரு சார் நீங்க?”

“பொத்தேரி. செங்கல்பட்டுப் பக்கம். இந்தப் புள்ளலூரும் எங்க பக்கம்தான்.”

“ஊரா சார் அது? அது சண்டை பேருன்னுல்ல இத்தனை நாளா சொல்லிட்டிருக்கேன்!”

இதில் அவர் குற்றம் ஒன்றும் இல்லை. ஓர் ஊர் போரின் பெயராக மாறுவது எப்படி என்பதைச் சுவரே அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

சித்திரத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆங்கிலேயர் நெருங்கியபோது திப்புவே இதை வெள்ளையடித்து மறைக்கச் சொன்னார் என்பார்கள். 1799 மே 4 அன்று திப்பு வீழ்ந்த பிறகு இந்த மாளிகையில் குடியேறிய ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வெலிங்டன் பிரபு, இதைப் புதுப்பிக்கச் செய்தார். பிறகு டல்ஹௌசி காலத்தில் மறுபடியும் தீட்டப்பட்டது. யோசித்துப் பாருங்கள்: தன் படை கேவலமாகத் தோற்ற காட்சியை வென்றவன் ஏன் காப்பாற்ற வேண்டும்? எதிரி எவ்வளவு பெரியவனோ அவ்வளவு பெரியது அவனைக் கொன்றவனின் புகழ். தோல்வியின் சித்திரம் வெற்றிக்கான ஆதாரமாகிவிட்டது. இன்று அதற்குச் சந்தை மதிப்பும் உண்டு. இதே போரைப் பத்துத் தாள்களில் சுமார் 32 அடி நீளத்துக்குக் காட்டும் பழைய ஓவியம் ஒன்று 2022 மார்ச்சில் லண்டன் ஏலத்தில் 6,30,000 பவுனுக்குப் போயிற்று.

4

ஹைதரின் படையெடுப்பு செங்கல்பட்டு, வட ஆற்காட்டுச் சீமைகளைச் சூறையாடியது உண்மை. எதிரிக்குத் தீனியும் தானியமும் கிடைக்கக் கூடாதென்று ஊர்கள் கொளுத்தப்பட்டன, கால்நடைகள் ஓட்டிச் செல்லப்பட்டன. சனம் காட்டுக்கும் கரைக்கும் சிதறியது. பஞ்சம் தொடர்ந்தது. சிறைபிடிக்கப்பட்ட பலர் மைசூருக்குக் கொண்டுபோகப்பட்டதாக மார்க் வில்க்ஸ் எழுதுகிறார். திப்புவை ஏகாதிபத்திய எதிர்ப்பின் சின்னமாகக் கொண்டாடும் நம் எழுத்துகள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகின்றன. வேலு நாச்சியாருக்கு ஹைதர் செய்த உதவியை நாம் நன்றியோடு நினைக்கலாம், நினைக்கவும் வேண்டும். சிவகங்கைக்குச் சொல்லும் அந்த நன்றியைச் செங்கல்பட்டின் சாம்பலோடு சேர்த்துத்தான் சொல்ல முடியும்.

ஆனால் இந்த அழிவுக் கதையை யார் எழுதினார்கள் என்பதையும் கேட்க வேண்டும். 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் லண்டன் நாடாளுமன்றத்தில், ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றிய பேச்சில், இந்தச் சீமை எரிந்ததை நடுங்கவைக்கும் மொழியில் விவரித்தார். அவருடைய குறி ஹைதர்மீது மட்டும் இல்லை. நவாபுக்கு வட்டிக்கு விட்டுக் கொழுத்த கும்பினிக்காரர்கள் மீதும்தான். அவர்களில் முக்கியமானவர் பால் பென்ஃபீல்ட். நவாப் முகமது அலி 1768இல் எழுப்பிய சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியவர் இவர் என்பதே பொதுவான கருத்து. கடற்காற்று வாங்கும் அந்த மாளிகைக்கும் தோட்டத்துக்கும் பணம் எங்கிருந்து வந்தது? 1763இல் நவாப் செங்கல்பட்டைக் கும்பினிக்கு ஜாகீராக எழுதிக்கொடுத்தார். பிறகு 1780 வரை அவரே அதைக் குத்தகைக்கு எடுத்து வரி வசூலித்தார். வரியைப் பிணைவைத்துக் கடன், கடனுக்கு வட்டி, வட்டிக்கு மறுபடி வரி. மைசூர்க் குதிரைகள் வருவதற்கு முன்பே கழனியில் விளைந்தது கடலோர மாளிகைக்குப் போய்க்கொண்டிருந்தது. 1859இல் அந்த அரண்மனை சென்னை அரசாங்கத்தின் கைக்கு வந்து, வருவாய்த் துறையின் அலுவலகமானது. இதைவிடப் பொருத்தமான குடித்தனம் அந்தக் கட்டடத்துக்குக் கிடைத்திருக்காது.

போருக்குப் பிறகு வந்த கலெக்டர் லயனல் பிளேஸ் (1794–98) ஏரிகளைச் செப்பனிட்டார், கோயில் திருவிழாக்களுக்கு உயிர் கொடுத்தார். மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையில் இன்றும் அவர் வாழ்கிறார். அவருடைய 1799 அறிக்கையில் ஒரு சட்டகம் உண்டு: முன்பு செழிப்பு, பிறகு பாழ், இப்போது கும்பினியின் மீட்பு. இந்தச் சீமையை ஆராய்ந்த யூஜின் இர்ஷிக் (1994) காட்டுவதுபோல, செங்கல்பட்டின் ‘பழைமை’ இந்த ஆண்டுகளில்தான் அதிகாரிகளாலும் உள்ளூர் மிராசுதாரர், கணக்குப்பிள்ளைகளாலும் சேர்ந்து கட்டமைக்கப்பட்டது. பாழ்நிலம் என்பது நிலத்தின் நிலை மட்டும் அல்லவே! அது ஒரு சொல்லாடல். காலி என்று சொன்னால்தான் நிரப்ப உரிமை வரும். திப்புவின் ஓவியனுக்கு வெற்றியை வரைய வெறும் தளம் வேண்டும். கும்பினிக்கு மீட்பை எழுத வெறும் தளம் வேண்டும். எதிரெதிர் முகாம்கள் இரண்டும் செங்கல்பட்டைக் காலியாக்குவதில் ஒத்துப்போகின்றன.

காலியா அது? போருக்கு முன்பு, 1767 முதல் 1774 வரை, தாமஸ் பர்னார்ட் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அந்த ஆவணங்களும் ஓலைக் கணக்குகளும் இன்றும் இருக்கின்றன. ஏரி, குளம், கழனி, புன்செய் என்று நிலம் பகுக்கப்பட்டிருக்கிறது. களத்து நெல்லில் கோயிலுக்கு இவ்வளவு, கணக்கனுக்கு இவ்வளவு, தச்சன், கொல்லன், வண்ணான், அம்பட்டன், தலையாரி, வெட்டியான் என்று ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்ற பங்கு இருக்கிறது. தர்மபால் வழிவந்தவர்கள் இதில் ஒரு பொற்கால ஊரைப் பார்க்கிறார்கள். பங்கு இருந்தது சரி. பங்கின் அளவை யார் தீர்மானித்தார்கள்? குறள் உரையால் தமிழ் படித்தவர்களுக்குத் தெரிந்த எல்லிஸ் துரை, 1818இல் அச்சான மிராசி உரிமை பற்றிய நூலில், தொண்டைமண்டலத்தில் பறையர்கள் நிலத்தோடு கட்டுண்ட அடிமைகளாக இருந்ததைப் பதிவு செய்கிறார். கணக்கில் வெட்டியான் இருக்கிறான். கணக்கை எழுதும் கை அவனுடையது இல்லை.

5

தோட்டத்துக்குத் திரும்புவோம். அதை நட்டது யார், நீர் பாய்ச்சியது யார்?

ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சுவர் இதற்குப் பதில் சொல்லாது. பெங்களூர் சொல்லும். அங்கே தோட்டத் தொழிலைக் குலத்தொழிலாகக் கொண்ட ஒரு சமூகத்துக்குத் ‘திகளர்’ என்று பெயர். கன்னடத்தில் அந்தச் சொல் தமிழரையே குறிக்கும். ஹைதர் 1760இல் தொடங்கிய லால்பாக் தோட்டத்தோடு தங்கள் முன்னோரை இணைத்துச் சொல்லும் மரபு அவர்களிடம் உண்டு. அவர்கள் தர்மராயர் கோயிலில் எடுக்கும் கரகம் திரௌபதிக்கு உரியது. செங்கல்பட்டு, செஞ்சி ஊர்களில் பாரதக் கூத்தும் தீமிதியும் நடக்கும் அதே திரௌபதி.

இதை வைத்துக்கொண்டு, 1780இல் இழுத்துச் செல்லப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள் என்று அவசரமாக எழுதக் கூடாது. பெங்களூர் வட்டாரத்தில் தமிழர் இருப்பு அதற்கு வெகு முந்தியது. சோழர் காலக் கல்வெட்டுகளே சாட்சி. நான் சொல்ல வருவது வேறு. அரசர்கள் தங்கள் இருப்பைத் தேக்கிலும் சாயத்திலும் எழுதினார்கள். தோட்டம் போட்டவர்கள் தங்கள் இருப்பை ஆண்டுதோறும் உடம்பில் எழுதுகிறார்கள், தலையில் கரகம் சுமந்து, இரவெல்லாம் தெருத்தெருவாக நடந்து. அது வெள்ளையடிக்க முடியாத எழுத்து.

தோட்டங்களின் கதி என்ன ஆனது? 1792 பிப்ரவரி முற்றுகையின்போது காரன்வாலிஸின் படை தீவுக்குள் புகுந்து, ஸ்ரீரங்கப்பட்டணத்து லால்பாகின் சைப்ரஸ் மரங்களை வெட்டி முற்றுகை அரண்களுக்குக் கட்டுகளாகக் கட்டியது. அங்கிருந்த மாளிகை காயம்பட்டவர்களுக்கு ஆஸ்பத்திரியானது. சொர்க்கத்தின் வரைபடம் இருந்த இடத்தில் வெட்டிய அடிமரங்கள் நின்றன. பன்னிரண்டு ஆண்டுக்கு முன் நம் கழனிக்கு நடந்தது அப்போது சுல்தானின் தோட்டத்துக்கு நடந்தது. பழிக்குப் பழி என்று இதில் மகிழ ஒன்றுமில்லை. இரண்டு இடத்திலும் வெட்டுக் கத்தியைப் பிடித்த கைகளில் கூலிக்காரக் கைகள் நிறைய இருந்திருக்கும்.

6

இன்று திப்பு மறுபடி ஒரு போர்க்களம். கர்நாடக அரசு 2015இல் திப்பு ஜெயந்தியை அரசு விழாவாகத் தொடங்கியது, 2019இல் அடுத்த அரசு அதை ரத்து செய்தது. ஒரு தரப்புக்கு அவர் மதவெறியர், இன்னொரு தரப்புக்கு முதல் விடுதலை வீரர். மதவாதிகள் திப்புவை எடுத்து இன்றைய முஸ்லிம்கள்மேல் வீசுகிறார்கள். அதை எதிர்ப்பதில் நமக்குத் தயக்கம் இருக்க முடியாது. ஆனால் எதிர்ப்பதற்காகத் திப்புவின் சுவரை நம் சுவராக ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. அரசர்களில் நல்லவரைத் தேடும் வேலையே நம்மைத் தாழ்வாரத்தில் உட்காரவைக்கும் வேலை. போரை அவர் நடத்திய விதத்தில் செங்கல்பட்டுக் குடியானவனும் பண்ணையாளும் எங்கே நின்றார்கள் என்று கேட்பது கும்பினிக்கு வக்காலத்து வாங்குவது ஆகாது.

ஏனென்றால் காலியாக்கும் வேலை முடிந்துவிடவில்லை. 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை கொடுத்தார். நிலம் இல்லாதவரை விடுதலை இல்லை என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு அதன் அடிப்படையில்தான் பஞ்சமி நில ஒதுக்கீடு வந்தது. சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் என்பது தலித் இயக்கங்கள் முன்வைக்கும் கணக்கு. எந்த நிலத்தைக் கொடுத்தார்கள்? தரிசை, புறம்போக்கை, ‘காலி’ நிலத்தை. அதில் உழைத்துப் பச்சையாக்கிய பிறகு அது கை மாறியது. மாமல்லபுரத்தை ஒட்டிய காரணையில் அப்படிப் போன பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். ‘இந்த நிலம் காலியாக இருந்ததில்லை, இங்கே நாங்கள் இருந்தோம்’ என்பதுதான் அந்தப் போராட்டத்தின் வரலாற்றுக் கூற்று. செப்பேடும் சுவரும் தூணும் அறிக்கையும் சேர்ந்து விட்டுவைத்த இடத்தில் எழுதப்பட்ட வாக்கியம் அது.

பொத்தேரியிலிருந்து செங்கல்பட்டு வரை ரோட்டின் இருபக்கமும் இப்போது பலகைகள். ஒன்றில் ‘கார்டன்’, ஒன்றில் ‘பேலஸ்’, படத்தில் ஒரு நீரூற்று, கீழே ‘காலி மனைகள் விற்பனைக்கு’. கோடை மாளிகை சதுர அடிக் கணக்கில் சில்லறையாக வந்துவிட்டது. வாங்குகிறவர்களைத் திட்டிப் பயனில்லை. தலைக்கு மேல் ஒரு கூரை எல்லோருக்கும் வேண்டும். ஆனால் அந்த ‘காலி’ என்ற சொல்லை அப்படியே வாங்கிக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு மனைக்கும் கீழே ஒரு மதகு, ஒரு களத்துப் பங்கு, ஒரு சேரி, ஒரு கேஸ் கட்டு இருக்கிறது. அவற்றை ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதிவைக்கும் வேலையைச் சிறுபத்திரிகைக்காரர்களும் இயக்கத் தோழர்களும் சேர்ந்தே செய்ய முடியும். முதலில் புள்ளலூரிலிருந்தே தொடங்கலாம். அங்கே ஒரு சண்டையைப் பற்றிக் கேட்க வேண்டாம். யாருக்கு எந்த நிலம் இருந்தது, அது எப்போது போயிற்று என்று கேட்போம்.